ஊருக்குப் பணம் அனுப்பியவர்களைத் தேடிப் போன பணம்

1950களில் அயர்லாந்திலிருந்து ஏறத்தாழ 4 லட்சம் பேர் பிழைப்புக்காக வெளியேறினார்கள். மொத்த மக்கள்தொகையே 30 லட்சத்தை எட்டாத நாடு அது. பெரும்பாலோர் போனது பிரிட்டனுக்கு. கப்பலில் ஹோலிஹெட் துறைமுகம், அங்கிருந்து ரயிலில் லண்டனின் யூஸ்டன் நிலையம். யூஸ்டனுக்குப் பக்கத்திலேயே கேம்டன் டவுன் இருந்தது. மலிவான வாடகை அறைகளும், முன்பே வந்துவிட்ட ஊர்க்காரர்களும் அங்கே இருந்தார்கள்.

விடியற்காலையில் கேம்டன் டவுனிலும் லண்டனின் இன்னொரு பகுதியான கிரிக்கிள்வுட்டிலும் தெருவோரமாக ஆட்கள் காத்து நிற்பார்கள். ஒப்பந்தக்காரரின் வேன் வரும். மேஸ்திரி தோள் வலுவைப் பார்த்து ஆளைப் பொறுக்கி ஏற்றிக்கொள்வார். சாலை போடுவது, குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவது, சுரங்க ரயிலுக்குப் பாதை குடைவது என்று நாள் முழுக்க வேலை. கூலி ரொக்கமாகக் கைக்கு வரும், சில இடங்களில் மதுக்கடையில் வைத்தே பட்டுவாடா நடக்கும். ‘லம்ப்’ என்று அழைக்கப்பட்ட இந்த முறையில் வரிப்பிடித்தமும் இல்லை, காப்பீட்டுச் சந்தாவும் இல்லை. இளவயதில் நாலு காசு கூடக் கிடைப்பதாகத் தோன்றிய ஏற்பாடு, முதுகு வளைந்த பிறகுதான் தன் விலையைக் கேட்டது. சந்தா கட்டாதவர்களுக்கு முழு ஓய்வூதியம் கிடையாது. வாழ்நாள் முழுக்க உழைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடச் சாட்சி இல்லை.

ஆனால் அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. 1961இல் பிரிட்டனிலிருந்து அயர்லாந்துக்கு வந்து சேர்ந்த தொகை சுமார் 1.35 கோடி பவுண்டு. அந்த ஆண்டு நாட்டின் தொடக்க, இடைநிலைக் கல்விக்கு ஆன மொத்தச் செலவே 1.4 கோடி பவுண்டுதான். தம்பி தங்கைகள் அந்தப் பணத்தில் படித்தார்கள், வீட்டுக்குக் கூரை மாறியது, கடன் அடைந்தது. அனுப்பியவர்களில் பலர் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒற்றை அறையிலேயே கிழவர்களானார்கள்.

கடல் கடந்துபோன ஐரிஷ்காரர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுப்பது அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டனில் 1737ஆம் ஆண்டு புனித பேட்ரிக் திருநாளன்று தர்மச் சங்கம் ஒன்று உருவானது. நோயிலும் முதுமையிலும் நொடித்த சொந்த நாட்டவருக்கு உதவுவதே அதன் நோக்கம். நியூயார்க்கில் 1841இல் தோன்றிய ஐரிஷ் குடியேறிகள் சங்கத்தின் உறுப்பினர்கள் 1850இல் ஒரு சேமிப்பு வங்கியே தொடங்கினார்கள். அயர்லாந்தின் பெரும் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் வங்கி, எந்தக் கப்பலில் வந்தார், எந்த ஊர், தாய் தகப்பன் பெயர் என்ன, உடன்பிறந்தோர் எங்கே என்று கேட்டுப் பேரேட்டில் எழுதி வைத்தது. பணம் எடுக்க வரும்போது அந்தக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் ஆள் அவர்தான். ஏழைகளின் வாழ்க்கையை இவ்வளவு விவரமாகப் பதிந்த ஏடுகள் அந்தக் காலத்தில் அபூர்வம். இன்று அவை நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

பணக்கார ஐரிஷ் அமெரிக்கர்களின் கொடை பின்னால் வந்தது. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியும் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் ஈமன் டி வலேராவும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 1976இல் ஹைன்ஸ் உணவு நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பிலிருந்த டோனி ஓரெய்லியும், பிட்ஸ்பர்க்கின் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த டான் ரூனியும் ‘அயர்லாந்து ஃபண்ட்’ அமைப்பை நிறுவினார்கள். வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். அமெரிக்க ஐரிஷ்காரர்களின் பணம் ஆயுதத்துக்குப் போய்விடாமல் அமைதிக்கும் பண்பாட்டுக்கும் அறப்பணிக்கும் போகட்டும் என்பது அவர்கள் எண்ணம். 1987இல் இரண்டு அமைப்புகளும் ஒன்றாயின. ஆனாலும் கொடை பெரும்பாலும் அயர்லாந்தை நோக்கியே போயிற்று. கேம்டன் டவுன் கிழவர்கள் கண்ணில் படவில்லை.

அவர்களை அதுவரை பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் பாதிரியார்களும் தொண்டர்களும்தான். கேம்டன் சதுக்கத்தில் 1950களின் நடுவில் திறக்கப்பட்ட லண்டன் ஐரிஷ் மையம், ரயிலை விட்டு இறங்கியவர்களுக்குப் படுக்கையும் வேலையும் தேடிக்கொடுத்தது. அயர்லாந்து அரசு பிரிட்டனிலுள்ள நலச் சங்கங்களுக்கென்று மானியக் குழு அமைத்தது 1984இல். இது மிகவும் தாமதம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பள்ளிச் செலவுக்கு நிகரான தொகையை அனுப்பியவர்கள் அதற்குள் வேலை செய்ய முடியாத வயதை நெருங்கிவிட்டார்கள்.

1990இல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், புலம்பெயர்ந்தவர்களின் நினைவாகத் தன் மாளிகையின் சமையலறை ஜன்னலில் விளக்கு ஏற்றி வைத்தார். 2002இல் அரசுப் பணிக்குழு ஒன்று புலம்பெயர்ந்தோர் நிலை பற்றி அறிக்கை கொடுத்தது. 2003 டிசம்பரில் ஐரிஷ் தொலைக்காட்சி, பிரிட்டனில் கைவிடப்பட்டுக் கிடந்த அந்த முதியவர்களை நேரில் காட்டியது. பார்த்த நாடு தலைகுனிந்தது. 2004 முதல் மானியம் பெருகியது. அயர்லாந்து ஃபண்டின் பிரிட்டன் கிளையும் ‘மறக்கப்பட்ட ஐரிஷ்காரர்கள்’ என்ற பெயரில் நிதி திரட்டத் தொடங்கியது. இந்த முறை பணம் போனது அயர்லாந்துக்கு அல்ல, அயர்லாந்தை வாழவைத்தவர்களுக்கு.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலுள்ள மல்ரானி என்ற சிற்றூரில் மருத்துவராக இருந்த ஜெர்ரி கவுலி 2000இல் தொடங்கிய ‘சேஃப் ஹோம்’, ஊர் திரும்ப விரும்பும் முதியோருக்கு வீடு தேடித் தருகிறது. தன்னார்வ அமைப்புகள் அரசு நிதியில் கட்டும் முதியோர் குடியிருப்புகளில் 25 சதவீதம் வரை இப்படித் திரும்புவோருக்கு ஒதுக்கலாம் என்ற விதி அடுத்த ஆண்டே வந்தது. எல்லோரும் திரும்ப ஆசைப்படவில்லை. ஐம்பது ஆண்டுகள் லண்டனில் கழித்தவருக்கு மேயோவில் தெரிந்த முகங்கள் குறைவு. அப்படித் தங்கிவிட்டவர்களுக்கு ஐரிஷ் சங்கங்கள் மதியச் சாப்பாடு போடுகின்றன, தனித்திருப்போரை வீடு தேடிப் போய்ப் பார்க்கின்றன, ஓய்வூதியமும் உதவித்தொகையும் பெற விண்ணப்பம் நிரப்பித் தருகின்றன. கேம்டன் சதுக்கத்து மையமும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.