குருகூர் ஏடும் புலமைச் சான்றும்

தாமிரபரணிக் கரையில், திருக்குருகூர் என்னும் பழம்பெயர் கொண்ட ஆழ்வார்திருநகரியில், புலமைக்குச் சான்று தருபவர் யார் என்ற வழக்கு நம்மாழ்வார் கதையோடு பிணைந்தே வந்திருக்கிறது. யாரிடமும் பாடம் கேளாமல் கோயில் புளியமரத்தடியில் அமர்ந்திருந்த வேளாளர் குலத்து இளைஞரை, வயதில் மூத்தவரும் வடமொழி வல்லவருமான திருக்கோளூர் மதுரகவி குருவாக ஏற்றார் என்பது குருபரம்பரை நூல்களின் செய்தி. ஆழ்வாருக்குப் பின் அவரது திருவுருவத்தை மதுரகவி விருதுப்பெயர்கள் முழங்க எழுந்தருளச் செய்தபோது, சங்கம் ஏற்காத பாடலுக்கு இச்சிறப்புத் தகாது என்று மதுரைப் புலவர்கள் தடுத்ததாகவும், தகுதியுடைய நூலுக்கே இடம் தரும் எனக் கருதப்பட்ட சங்கப் பலகையில் திருவாய்மொழிப் பாசுரம் ஒன்றை வைத்ததும் பலகை அதை மட்டுமே ஏந்தியதாகவும் அம்மரபு கூறும்.

சங்கப் புலவர்களின் காலமும் ஆழ்வாரின் காலமும் பல நூற்றாண்டுகள் விலகியவை என்பதால், இதை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்வதற்கில்லை. எனினும், அவையின் ஒப்புதல் நூலின் உண்மைக்கு மேற்பட்டதா என்ற கேள்வி அக்கால மக்களை உறுத்தியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. தடுத்த புலவர்களை முற்றிலும் குறை கூறுவதும் நேர்மையன்று. கற்றோர் அவையில் நூலை வாசித்து, எழும் தடைகளுக்கெல்லாம் ஆசிரியரே விடை சொல்லும் அரங்கேற்றம், அறிவை அறிவால் சோதித்த நல்ல முறையே.

பிற்காலத்தில் இவ்வூர்ப் புலமை, மாறனலங்காரம் என்னும் அணியிலக்கணத்தை 16-ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குருகைப் பெருமாள் கவிராயர் முதலானோர் வழியாகக் கவிராயர் இல்லங்களில் தழைத்தது. 1880-களில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுச் சுவடிகளைத் தேடி இங்கு வந்தபோது, லட்சுமண கவிராயர் தம் மாமனார் தேவர்பிரான் கவிராயர் இல்லத்திலிருந்து ஓர் ஏட்டை வாங்கித் தந்து உதவினார். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது; பாட்டு முடிந்து உரை தொடங்கும் இடமும் பல வேளைகளில் புலப்படாது. இலக்கணமும் பழம்பாட்டும் நெஞ்சில் ஊறியவரே இவற்றைப் பிரித்துப் படிக்க இயலும். அந்தத் திறனை 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தாள் எதுவும் தந்துவிடவில்லை.

சாமிநாதையரிடமும் அத்தகைய பட்டம் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் குருகுல முறையில், அதாவது ஆசிரியரின் உடனிருந்து பணிசெய்து பாடம் கேட்டு, கற்றவர் அவர். தம் பதவிக்கு அவரே தக்கவர் எனத் தியாகராச செட்டியார் பரிந்துரைக்க, கும்பகோணம் கல்லூரி ஆசிரியர்கள் கூடிக் கேள்வி கேட்டு அவர் திறனை அறிந்த பின்னரே, 1880-இல் அவர் அங்கே தமிழாசிரியரானார். காகிதத்தை நாடாமல் ஆளையே ஆராய்ந்த அந்தத் தேர்வு அரங்கேற்ற மரபுக்கே நெருக்கமானது. பத்துப்பாட்டு 1889-இல் அச்சேறியது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது 1932-இல். இடைப்பட்ட காலத்தில் கும்பகோணத்தில் பி.ஏ. பட்டம் பெற்ற மாணவர் பலர், பட்டம் பெறாத அவரிடமே தமிழ் கற்றிருந்தனர்.