வண்டியும் வழிப்போக்கனும்: கேம்பிரிட்ஜ் பயிற்றுநர் மரபின் எழுச்சியும் எல்லையும்

ஒருவரது ஆளுமை வளர்ச்சிக்கும் தொழில்சார் வளர்ச்சிக்கும் துணைபுரியும் பயிற்றுவிப்பு இன்று உலகின் பல நாடுகளில் தனியொரு தொழிலாக நிலைபெற்றுள்ளது. நிறுவன நிருவாகிகள் முதல் வேலை தேடும் பட்டதாரிகள் வரை பல திறத்தினரும் கட்டணஞ் செலுத்திப் பயிற்றுநரை நாடுகின்றனர். அத்தகைய ஒருவரிடமிருந்து எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்த்தல் ஆகாது என்னும் வினா புதியதன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் எதிர்கொண்ட வினாவே அது. அவர்களது அனுபவத்தை ஆராய்வது இன்றைய வினாவுக்கும் ஒளியூட்டும்.

முதலில் சொல்லின் வரலாற்றை நோக்குவோம். பயிற்றுநரைக் குறிக்கும் ‘கோச்’ என்னும் ஆங்கிலச் சொல் ஹங்கேரி நாட்டின் கொச் என்னுஞ் சிற்றூரின் பெயரடியாகப் பிறந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அவ்வூரிற் செய்யப்பட்ட குதிரை வண்டி ஐரோப்பாவெங்கும் புகழ்பெற, ஊர்ப்பெயரே வண்டியின் பெயராயிற்று. ஈழத்துத் தமிழர் பேச்சு வழக்கில் புகைவண்டியைக் குறிக்கும் ‘கோச்சி’ என்னும் சொல்லும் இச்சொற்குடும்பத்தைச் சார்ந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலப் பல்கலைக்கழக மாணவர், தம்மைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் தனியாசிரியரை ‘கோச்’ எனக் கேலியாக அழைக்கத் தொடங்கினர். ஏறி அமர்ந்த மாணவனைப் பரீட்சை என்னும் ஊருக்குக் கொண்டுசேர்க்கும் வண்டி அவர் என்பதே அக்கேலியின் பொருள். கேலியாகப் பிறந்த இப்பெயருள் ஓர் ஆழ்ந்த உண்மையும் பொதிந்திருந்தது. வண்டி வழிப்போக்கனைக் கொண்டு செல்லும். ஆனால் எந்த ஊருக்குச் செல்வதென்பதை அது தீர்மானிப்பதில்லை.

இத்தகைய ஆசிரியர் கேம்பிரிட்ஜில் ஏன் தோன்றினர்? அங்கு ‘ட்ரைப்பொஸ்’ என வழங்கிய கணிதச் சிறப்புப் பரீட்சையில் முதல் வகுப்பிற் சித்தியெய்தியோர் ‘றாங்லர்’ எனப்பட்டனர். அவர்களது பெயர்கள் புள்ளி வரிசைப்படி வெளியிடப்பட்டன. அவ்வரிசையில் உயர்ந்த இடம் பெற்றோருக்குக் கல்லூரி உறுப்புரிமையும் அதன்வழி நிலையான வருவாயும் கிட்டும் வாய்ப்பு இருந்தது. ஓரிடம் முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் வாழ்க்கையையே மாற்றவல்லனவாயின. பேராசிரியர்களின் விரிவுரைகளோ பெரும்பாலும் பரீட்சையோடு தொடர்பற்றிருந்தன. கல்லூரி ஆசிரியரின் போதனை திறமைமிக்க மாணவருக்குப் போதுமானதாக இருக்கவில்லை. 1854ஆம் ஆண்டின் பரீட்சை எட்டு நாட்களில் பதினாறு வினாத்தாள்களைக் கொண்டிருந்தது. பரீட்சை வேண்டியதற்கும் பல்கலைக்கழகம் வழங்கியதற்கும் இடையிலிருந்த வெளியையே தனியாசிரியர் நிரப்பினர்.

இவர்களுள் முதலிற் பெரும்புகழ் பெற்றவர் வில்லியம் ஹொப்கின்ஸ் (1793-1866). வேளாண்மையில் ஈடுபட்டு நலங்காணாத அவர், ஏறத்தாழ முப்பதாவது வயதிற் பீற்றர்ஹவுஸ் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து, 1827இல் ஏழாவது றாங்லராகத் தேறினார். மணமானவர் ஆதலின் அக்கால விதிப்படி கல்லூரி உறுப்புரிமைக்கு அவர் தகுதியற்றவரானார். தனியாகக் கற்பித்தலையே வாழ்வுத் தொழிலாக்கினார். 1849ஆம் ஆண்டளவில் அவரிடம் பயின்றோருள் ஏறத்தாழ 200 பேர் றாங்லர்களாயினர். அவர்களுள் 17 பேர் வரிசையின் முதலிடத்தைப் பெற்றிருந்தனர். ஸ்டோக்ஸ், கேய்லி, வில்லியம் தொம்சன், மக்ஸ்வெல் ஆகிய அறிவியல் மேதைகள் அவரிடம் பயின்றவர்களே.

ஹொப்கின்ஸின் மாணவரான எட்வேர்ட் றவுத் (1831-1907) இம்முறையை மேலுஞ் செம்மைப்படுத்தினார். 1854இல் மக்ஸ்வெல்லை இரண்டாமிடத்துக்குத் தள்ளி முதலிடம் பெற்ற அவர், 1855 முதல் 1888 வரை 600க்கும் மேற்பட்ட மாணவரைப் பயிற்றினார். அவர்களுள் இருபத்தைந்துக்கும் அதிகமானோர் முதலிடத்தை எய்தினர். ஒத்த திறமையுடையோரைச் சிறு குழுக்களாகப் பிரித்தல், பாடப்பரப்பு முழுவதையும் கால அட்டவணைப்படி முடித்தல், கிழமைதோறும் கடினமான கணக்குகளைக் கொடுத்தல், விடைகளைத் திருத்திப் புள்ளிகளை ஒப்பிட்டுக் காட்டுதல், மாதிரித் தீர்வுகளை வழங்குதல் என்பனவே அவரது முறையின் கூறுகளாகும். இதில் மாயவித்தை எதுவும் இல்லை. ஒழுங்கு, இடையறாப் பயிற்சி, குறைகளை உடனுக்குடன் அறிதல் ஆகிய மூன்றுமே மாணவன் பெற்ற பயன்கள்.

எனினும் இப்புள்ளிவிபரங்களை ஆராயாது ஏற்றல் தகாது. ஹொப்கின்ஸ் முதலாண்டிலேயே திறமை வெளிப்பட்டோரைத் தெரிந்தெடுத்தே சேர்த்துக்கொண்டார். பயிற்றுநரின் புகழ் வளரவளரச் சிறந்த மாணவர் அவரையே நாடினர். அவர்களது வெற்றி மேலும் புகழை வளர்த்தது. ஆகவே அவ்வெற்றிகளில் எப்பங்கு பயிற்சியால் விளைந்தது, எப்பங்கு தெரிவால் விளைந்தது என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. தம்மிடம் பயின்று உயர்ந்தோரின் பட்டியலை முன்வைக்கும் எக்காலத்துப் பயிற்றுநரிடமும் கேட்கவேண்டிய வினா இது.

இம்முறையின் எல்லையை ஒரு நிகழ்ச்சி தெளிவுறக் காட்டுகின்றது. நொட்டிங்ஹாம் நகரின் மாவாலை உரிமையாளர் மகனான ஜோர்ஜ் கிறீன், மின்னியல், காந்தவியல் ஆகியவற்றின் கணிதக் கோட்பாட்டைப் பற்றிய ஒரு நூலை 1828இல் வெளியிட்டார். பின்னாளிற் பௌதிகவியலின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட்ட அந்நூலை அக்காலத்திற் படித்தோர் மிகச் சிலரே. இளைஞரான தொம்சன் வேறொரு கட்டுரையில் அதனைப் பற்றிய குறிப்பைக் கண்டு, நூலைத் தேடியும் பெறமுடியாதிருந்தார். 1845 ஜனவரியில் அவரது பரீட்சை முடிந்தது; எதிர்பார்க்கப்பட்ட முதலிடம் தவறி இரண்டாமிடமே கிட்டியது. பாரிஸ் நகருக்குப் புறப்படவிருந்த வேளையில் நூலைப் பற்றி ஹொப்கின்ஸிடம் அவர் தற்செயலாகக் கூற, ஹொப்கின்ஸ் தம்மிடமிருந்த பிரதிகளை எடுத்துக் கொடுத்தார். தொம்சன் அந்நூலைப் பாரிஸுக்குக் கொண்டு சென்று அங்குள்ள கணித அறிஞருக்குக் காட்டினார்; பின்னர் அதன் மறுபதிப்புக்கும் வழிசெய்தார். கிறீனின் பெயர் அறிவுலகில் நிலைத்தது.

மாணவன் தேடிய நூல் அவனது பயிற்றுநரின் அறையிலேயே இருந்தது. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த காலம் முழுவதிலும் அது பேச்சில் இடம்பெறவில்லை; பரீட்சை முடிந்தபின் மாணவன் தானாக வினவியபோதே கைமாறியது. இதனை ஹொப்கின்ஸின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவர் தாமே ஆராய்ச்சியாளர். புவிச்சரிதவியற் சங்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். மாணவன் வேண்டியது முதலிடம். அதற்குரிய வழியை அவர் கொடுத்தார். கேளாதது கிடைக்கவில்லை. பயிற்றுவிப்பு, குறித்த இலக்கை அடையும் ஆற்றலைத் தரும். அவ்விலக்கு தக்கதா என ஆராயும் பொறுப்பை அது தானாக ஏற்றுக்கொள்வதில்லை.

மற்றோர் எல்லை சமூகஞ் சார்ந்தது. 1890இல் பிலிப்பா ஃபோசெற் என்னும் நியூன்ஹாம் கல்லூரி மாணவி, ஆடவருள் முதலிடம் பெற்றவரிலும் மேம்பட்ட புள்ளிகளைப் பெற்றார். அவருக்குப் பயிற்சியளித்தவர் ஈ. டபிள்யூ. ஹொப்சன். பயிற்றுநர் செய்யத்தக்க அனைத்தும் செய்யப்பட்டன. மாணவியும் செய்யத்தக்கதை விஞ்சிச் செய்தார். ஆயினும் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டத்தை வழங்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வண்டி ஊரை அடைந்தபோதும் ஊர்வாயில் அடைபட்டிருந்தது. நிறுவனங்களின் அநீதியைத் தனியொருவரின் பயிற்சியாற் போக்கிவிடலாம் என்னும் எண்ணம் எத்துணை வலுவற்றது என்பதற்கு இது சான்றாகும்.

இம்மரபுக்கு எதிரான குரல் அதன் உள்ளிருந்தே எழுந்தது. ஜி. எச். ஹார்டி மாணவராயிருந்தபோது பரீட்சை உத்திகளையே போதித்த பயிற்றுநரிடம் சலிப்புற்று, கணிதத்தையே கைவிட எண்ணினார். பின்னர் பேராசிரியர் லவ், ஜோர்டானின் பகுப்பாய்வு நூலைப் படிக்குமாறு கூறியதே தமக்குக் கணிதத்தின் மெய்ப்பொருளை உணர்த்தியதென அவர் பதிவுசெய்துள்ளார். 1898இல் நான்காவது றாங்லராகத் தேறிய அவர், வரிசைமுறைக்கு எதிராகப் போராடினார். 1909ஆம் ஆண்டுப் பட்டியலே புள்ளி வரிசைப்படி வெளிவந்த இறுதிப் பட்டியலாயிற்று. அதனோடு பெரும் பயிற்றுநர்களின் காலமும் முடிவுற்றது.

அதே ஹார்டி 1914இல் வேறொரு நிலையை எதிர்கொண்டார். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் பரீட்சைகளிற் சித்தியெய்தத் தவறிய சீனிவாச இராமானுஜன் அவ்வாண்டு கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். அவரது அறிவில் வியத்தகு உயரங்களும் வியத்தகு இடைவெளிகளும் இருந்தன. முறைப்படி யாவற்றையும் கற்பிக்க முயன்றால் அவரது தன்னம்பிக்கையும் உள்ளுணர்வும் சிதையலாம். கற்பியாது விட்டால் தவறுகள் தொடரும். ஹார்டி இன்றியமையாதவற்றை மட்டும் உணர்த்தி, மாணவரின் போக்கிலேயே உடன்சென்றார். தாம் கற்பித்ததிலும் அவரிடமிருந்து கற்றதே அதிகமெனப் பின்னர் ஒப்புக்கொண்டார். றவுத்தின் அட்டவணைக்குள் அடங்காத பயிற்றுவிப்பு இது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான ஆளுமைப் பயிற்றுவிப்பு, அறிந்தோ அறியாமலோ, இவ்விரண்டாவது வழியையே தன் இலட்சியமாகக் கொண்டது. 1974இல் திமொதி கால்வே டெனிஸ் விளையாட்டைப் பற்றி எழுதிய நூல், ஆட்டக்காரன் தன் மனத்துள் எழுப்பும் தடைகளை அகற்றுவதே பயிற்றுநரின் பணி என்றது. 1992இல் ஜோன் விற்மோர் எழுதிய நூல், குறிக்கோள், உள்ள நிலை, மாற்று வழிகள், செயலுறுதி என்னும் நான்கு படிகளாக வினாக்களை ஒழுங்குபடுத்தும் முறையைப் பரப்பியது. பயிற்றுநர்களின் சர்வதேச அமைப்பொன்று 1995இல் தோன்றியது. விடையளிக்கும் ஆசிரியர், வினாவெழுப்பும் துணைவராக மாறினார்.

ஆயின் பழைய நிலைமைகள் மறைந்துவிட்டன எனக் கொள்ளுதல் தவறு. அரிதான இடங்களுக்குப் பலர் போட்டியிடும் இடத்தில் றவுத்தின் வகுப்பறை மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது. இலங்கையின் உயர்தரப் பரீட்சைக்கான தனியார் வகுப்புகள் அதற்கு அண்மைச் சான்று. தொழில் நிறுவனம் ஊழியருக்காகப் பயிற்றுநரை அமர்த்தும்போதும், சேரவேண்டிய ஊரைக் கட்டணஞ் செலுத்துபவரே தீர்மானிக்கும் அபாயம் உண்டு.

ஆகவே பயிற்றுநரிடமிருந்து ஒழுங்கினை எதிர்பார்க்கலாம். தன் குறைகளை ஒளியாது காட்டும் கண்ணாடியை எதிர்பார்க்கலாம். சோர்வுறும்போது தொடர்ந்து நடக்கத் துணையை எதிர்பார்க்கலாம். இலக்கினை அவரிடம் இரவல் கேட்டலாகாது. நிறுவனங்களின் பூட்டிய வாயிலை அவர் திறந்துவிடுவார் எனவும் நம்பலாகாது. தொம்சன் வினவினார், நூல் கிடைத்தது. பரீட்சை முடியும்வரை அவ்வினா காத்திருக்க நேர்ந்ததே அந்த வரலாறு மாணவ சமுதாயத்துக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை எனலாம்.