நம்மவன் என்னும் நம்பிக்கை

மதுரைக்கு மேற்கே சமணமலை அடிவாரத்திலுள்ள கீழக்குயில்குடி சரித்திரத்தில் இருமுறை இடம் பெற்ற ஊராகும். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள சமணத் திருவுருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர் இன்னார் என வட்டெழுத்தில் பொறித்து 1,000 ஆண்டுகளுக்கு மேலாயின. பிற்காலத்துச் செய்தி வேறு. 1911-ம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைக் கள்ளர்மீது சுமத்தப் புகுந்த அரசாங்கத்தார், 1914-ல் முதன்முதற் கைவைத்த ஊர்களுள் இஃதொன்று. ஒருவன் களவு செய்தானா என்று விசாரித்தாரில்லை. இன்ன குலத்திற் பிறந்தான் என்பதே போதுமாயிற்று. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-ல்.

பிறப்பைக்கொண்டு ஒருவனைக் கள்வனென்பது அநீதி என்பதை நாம் யாவரும் ஒப்புவோம். அங்ஙனமாயின், பிறப்பைக்கொண்டே ஒருவனை யோக்கியனெனத் துணிந்து, ஆயுட்காலச் சேமிப்பை அவன் கையிற் கொடுப்பது மட்டும் எங்ஙனம் அறிவாகும்? இரண்டிலும் ஆளைப் பாராமல் குலத்தையே பார்க்கிறோம்.

இப்பிழை நம் நாட்டுக்கே உரியதன்று. 1920-ல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய சார்லஸ் பான்ஸி என்பவன் 45 நாளில் நூற்றுக்கு 50 வட்டி தருவதாகச் சொன்னான். முதலில் நம்பினோருட் பலர் அவன் நாட்டாரே. பின்வந்தோர் முதலை எடுத்து முன்வந்தோர்க்கு வட்டியாகக் கொடுத்தான். வட்டி வாங்கியவர்கள் பொய் சொல்லவில்லை. கையிற் பெற்றதையே உறவினரிடம் உரைத்தனர். இதுவே இம்மோசத்தின் கொடுமை. ஏமாந்தவரே அறியாமல் தரகராகின்றனர். 2008-ல் பிடிபட்ட மேடாப் என்னும் யூதனிடம் யூத தரும ஸ்தாபனங்களே பெரும்பொருள் இழந்தன. வேண்டுமென்றே சிலரது பணத்தை அவன் மறுத்தானாம். அதனாலேயே ஆசை மிகுந்தது!

நம் மாகாணத்தில் 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அந்நியரை நம்பிக் கெட்டோம் என்ற எண்ணம் பலர்க்கு உண்டாயிற்று. 1907-ல் இந்தியன் பாங்கும், 1921-ல் தூத்துக்குடியில் நாடார் பாங்கும் எழுந்தன. அவை நற்காரியங்களே. ஆயினும் அவை நிலைத்தமைக்குக் காரணம் உறவு மட்டுமன்று, கணக்கும் தணிக்கையுமாம். 1872-ல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டின் கதியைப் பாருங்கள். பாட்டனார் காலத்து நற்பெயரை நம்பி, பென்ஷன் பெறும் முதியோர் பணம் கட்டினர். தவணை முடிந்தும் பணம் திரும்பவில்லை. 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். நற்பெயரைச் சம்பாதித்தவர் ஒருவர். அதன்மேற் பணம் வாங்குபவர் பிறிதொருவர்.

நம் பக்கத்துக் கிராமங்களில், சொந்த மாமன் வைக்கும் மொய்யாயினும் பேரும் ஊரும் தொகையும் நோட்டில் எழுதாமல் விடுவதில்லை. அதனால் மாமனுக்குக் கோபம் வருவதுமில்லை. அத்தகைய நாமே, லக்ஷக் கணக்கில் கொடுக்கும்போது கணக்குக் கேட்பது அவமரியாதை என்று கூசுகிறோம்! பணம் போனபின்னரோ, "நம் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதா" என்று வாய் மூடுகிறோம். அம்மௌனத்தில் அடுத்த ஊரார் பணமும் போகிறது.

முதலீட்டாளர் நலனைக் காக்க 1997-ல் தமிழ்நாட்டில் சட்டம் ஏற்பட்டது. மோசம் செய்த ஸ்தாபனத்தின் சொத்தை முடக்க அதில் இடமுண்டு. மதுரையிலும் அதற்கெனத் தனிக் கோர்ட் இருக்கிறது. ரசீது வைத்திருப்போர் பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுதிக் கொடுக்கலாம். சேர்த்துவிட்டவர் மைத்துனரேயாயினும், அவர் பெயரையும் சேர்த்தே எழுதவேண்டும்.