ஹேஷ்டேக்
‘ஹேஷ்’ என்பது குறுக்கும் நெடுக்குமாய் இரண்டிரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் குறி. ‘டேக்’ என்பதோ புடவை முனையில் நூலால் கட்டித் தொங்கவிடும் விலைச்சீட்டைப் போன்ற அடையாளத் துண்டு. ட்விட்டரில் ஒரே விஷயத்தைப் பேசுவோரை ஒன்றுசேர்க்க 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர் சொன்ன யோசனை இது. அற்பமான இச்சீட்டுக்குக் கௌரவம் வந்தது 2013 ஜூலையில். ஃப்ளோரிடாவில் ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்றவர் நிரபராதி என்று தீர்ப்பாகவே, ஆலிசியா கார்ஸா என்ற சமூகச் செயற்பாட்டாளர் மனம் நொந்து முகநூலில் எழுதிய வாசகத்தை அவர் தோழி பாட்ரிஸ் கல்லர்ஸ் இடைவெளியின்றிச் சேர்த்து, முன்னே இக்குறியையும் இட்டு, ‘கறுப்பர் உயிரும் உயிரே’ என்று பொருள்படும் கோஷமாக்கினார். மறு வருஷம் அமெரிக்காவின் ஃபெர்குஸன் நகரில், கறுப்பின இளைஞர் ஒருவரைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றதை எதிர்த்து வீதிகளில் திரண்டவர்கள் அதை அட்டைகளில் எழுதி ஏந்தினார்கள். அட்டையில் அக்குறிக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லையாயினும், அதை விடாமல் எழுதினார்கள் என்பதே எனக்கு ரஸமாகப் படுகிறது.