எஸ்.என். லட்சுமி: முப்பத்தேழு வயதில் அம்மாவான நடிகை

பி.காம் படிக்கிறவனுக்கு நாடக நடிகையைப் பற்றி எழுத என்ன வேலை என்று வகுப்பில் சிலர் கேட்பீர்கள். காரணம் எங்க ஆயாதான்.

செமஸ்டர் லீவில் அபிஷேகப்பாக்கத்தில் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக் கொண்டிருந்தோம். 'மைக்கேல் மதன காமராஜன்' ஓடிக் கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் கையில் கிடைத்ததை எல்லாம் சுருட்டும் அந்தத் திருட்டுப் பாட்டி வந்ததும் ஆயா சொன்னார்: "இந்தம்மாதான்டா சரவணன் மீனாட்சியில வந்துச்சு. பாவம், பாதியிலயே செத்துப்பூடுச்சி."

"பேரு என்ன ஆயா?"

"யாருக்குத் தெரியும்? பாட்டின்னுதான் சொல்லுவோம்."

எனக்கும் தெரியவில்லை. அந்த சீரியல் வந்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும், தினமும் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தான். முகம் தெரியும், குரல் தெரியும், பெயர் தெரியாது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் எஸ்.என். லட்சுமி. விருதுநகர் பக்கம் சென்னெல்குடி என்ற கிராமத்தில் 1927-ல் பிறந்தவர். வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள், இவர்தான் கடைசி. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அத்தனை பேரையும் அம்மா ஒருவரே கூலி வேலை செய்து வளர்க்க வேண்டிய நிலை. லட்சுமி சிறுமியாக இருக்கும்போதே நாடகத்துக்குப் போய்விட்டார். கலை ஆர்வம் ஒரு பக்கம், வயிற்றுப்பாடு இன்னொரு பக்கம்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் நாடகத்துக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்க ஊர்ப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், திரௌபதி வேஷம் கட்டுகிறவர் ஆண்தான். நாடக மேடையிலும் பல காலம் அப்படித்தான். கும்பகோணம் பாலாமணி அம்மாள் போல பெண்களே நடத்திய குழுக்கள் இருந்தது உண்மை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் செல்வாக்காக இருந்தவை பாய்ஸ் கம்பெனிகள். ராஜா, ராணி, தோழி எல்லாமே பையன்கள்தான்.

அந்த வகைக் கம்பெனிகளில் புகழ்பெற்ற ஒன்றை 1918-ல் மதுரையில் தொடங்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1922-ல் அவர் இறந்தது நம்ம புதுச்சேரியில். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? (நானும் இந்தக் கட்டுரைக்காகத்தான் போனேன், வெட்கமாக இருக்கிறது.) சுவாமிகளிடம் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் வளர்ந்தவர் என்.எஸ். கிருஷ்ணன். அந்தக் கலைவாணரின் நாடகக் குழுவில்தான் லட்சுமி நடித்தார். ஆக, நம்ம ஊரில் அடங்கியவரின் நாடக வழி இரண்டு தலைமுறை தாண்டி விருதுநகர்ப் பெண்ணிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சினிமாவில் அவர் முதலில் கூட்டத்தில் ஒருவர். 1948-ல் ஜெமினியின் 'சந்திரலேகா' வந்தது. அதன் முரசு நடனம் இன்றைக்கும் பேசப்படுகிறது. அந்தக் கூட்டத்தில் ஆடிய பெண்களில் லட்சுமியும் ஒருவர். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'பாக்தாத் திருடன்' படத்தில் டூப் போடாமல் சிறுத்தையோடு சண்டை போட்டிருக்கிறார். நாம் பார்த்த பாட்டி இவரா என்று நம்பவே முடியவில்லை!

இனிதான் முக்கியமான விஷயம். 1964-ல் 'சர்வர் சுந்தரம்'. கே. பாலச்சந்தர் முதலில் நாடகமாக எழுதியது, பிறகு கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் படமானது. சர்வராக இருந்து நடிகனாகும் சுந்தரம் நாகேஷ். அவருக்கு அம்மா எஸ்.என். லட்சுமி. நாகேஷ் பிறந்தது 1933. கணக்குப் போட்டுப் பாருங்கள், அம்மாவுக்கும் மகனுக்கும் ஆறே வயது வித்தியாசம். முப்பத்தேழு வயதில், முப்பத்தொரு வயதுக்காரருக்குத் தாய். மகன் பெரிய நடிகனாகி, அவசரத்துக்குக் கூட வர முடியாமல் படப்பிடிப்பில் மாட்டிக்கொள்ள, தாய் இறந்துபோகும் கட்டத்தில் யாராவது அந்த வயதை நினைக்கிறோமா?

எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சினிமா கதாநாயகிகளையும் இப்படித்தான் கணக்கு வைக்கிறது. லட்சுமி விஷயத்தில் அந்தக் கணக்கு தலைகீழ். முப்பதுகளில் அம்மா, 1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்' பாட்டி, 1994-ல் 'மகாநதி'யில் கமலுக்கு மாமியார், 2004-ல் 'விருமாண்டி'யில் அப்பத்தா. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. அதன் பிறகு டிவி சீரியல். 2011-ல் தொடங்கிய 'சரவணன் மீனாட்சி'யில் நடித்துக்கொண்டிருந்த நாட்களில், 2012 பிப்ரவரி 20-ம் தேதி சென்னையில் மாரடைப்பால் காலமானார்.

எப்படி இவ்வளவு நாள் தாங்கினார்? நாடகம்தான் காரணம் என்பது என் ஊகம். மேடையில் குளோசப் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் நடையிலும் குரலிலும் வயதைக் காட்டியாக வேண்டும். தப்பு செய்தால் இன்னொரு டேக்கும் இல்லை. அப்படிப் பழகியவருக்கு முப்பத்தேழில் கிழவியாவதும், எண்பது தாண்டி சீரியல் வசனம் பேசுவதும் கைவந்திருக்கும்.

அவர் மறைந்தபோது வந்த செய்திகளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் என்று எழுதியிருந்தார்கள். இதில் நாம் இன்று பார்க்க முடிவது படங்களை மட்டும்தான். நாடகங்கள் அன்றைக்கு நடந்த இரவோடு முடிந்துபோயின. அதாவது அவருடைய உழைப்பின் பெரிய பங்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவே இல்லை. இருப்பதை வைத்து ஒருவரை எடை போடுகிறோம் என்பது தெரிந்தால் போதும், கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

பெயர் தெரியாமல் போனதற்கு அவரை மறந்தோம் என்று அர்த்தமில்லை என்று முதலில் நினைத்தேன். "எங்க வீட்டுப் பாட்டி மாதிரி" என்பது பாராட்டுதானே? ஆனால் யோசித்தால், எங்க தெருவில் ஆயாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. அப்பா பெயரைச் சொல்லி "அவங்க அம்மா" என்பார்கள், இல்லாவிட்டால் ஆயா. வீட்டில் இருப்பவருக்கே அப்படி என்றால், திரையில் அம்மாவாகவே வந்தவருக்கு வேறு எப்படி நடக்கும்? பாராட்டு போலத் தெரிவதில் ஒரு அலட்சியமும் இருக்கிறது.

எழுதி முடித்ததும் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். சிறுத்தை விஷயம் வந்ததும், "அந்தம்மாவா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். கடைசியில், "பேரு என்னன்னு சொன்ன?" என்று கேட்டார்.

"எஸ்.என். லட்சுமி."

"லட்சுமி," என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

உங்கள் வீட்டு ஆயாக்களிடமும் சொல்லிப் பாருங்கள் நண்பர்களே.