யாருடைய சொந்த மைதானம்? கொல்கத்தாவின் ஆட்ட நாளும் அதன் நூற்றாண்டும்

ஈஸ்ட் பெங்கால் கழகமும் மோகன் பகான் கழகமும் மோதும் நாளில், கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தை நோக்கிச் செல்லும் சாலைகள் பிற்பகலிலேயே இரு நிறங்களாகப் பிரிந்துவிடுகின்றன. ஒருபுறம் சிவப்பும் பொன்னும். மறுபுறம் பச்சையும் அரக்கும். திறந்த சிறு லாரிகளில் நின்றபடி கொடியசைத்து வருவோர் இரு தனித்தனி வாயில்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றனர். போட்டி அட்டவணை ஓர் அணியைச் சொந்த மைதான அணி என்றும் மற்றதை வருகை அணி என்றும் குறிக்கிறது. ஆனால் இரு அணிகளுக்கும் சொந்த மைதானம் இது ஒன்றே. அடுத்த சுற்றில் அதே புல்தரையில் விருந்தாளி வீட்டுக்காரராகவும் வீட்டுக்காரர் விருந்தாளியாகவும் மாறிவிடுவர். உண்மையில் மைதானம் இருவருக்கும் உரியதன்று. அது மேற்கு வங்க அரசின் சொத்து.

சொந்த மைதானத்தை வங்காளியில் 'கொரேர் மாட்' என்பர். 'வீட்டின் திடல்' என்பது அதன் நேர்ப்பொருள். கொல்கத்தாவில் இந்த வீடு யாருக்கு, எப்போது, எவ்வாறு வீடாயிற்று என்ற கேள்விக்கு விடை நிலப் பதிவேட்டில் இல்லை. ஆட்ட நாட்களின் வரலாற்றில்தான் உள்ளது.

அவ்வரலாறு சால்ட் லேக்கில் தொடங்கவில்லை. நகரின் நடுவே பரந்து கிடக்கும் மைதானில் தொடங்குகிறது. 1757-இல் பிளாசிப் போரில் வென்ற கிழக்கிந்தியக் கம்பெனி புதிய வில்லியம் கோட்டையை எழுப்பியபோது, பீரங்கிகளின் பார்வைக்குத் தடையேதும் இராதவாறு அதைச் சுற்றி விடப்பட்ட வெட்டவெளி அது. இன்றும் அந்நிலம் இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. ஆகவே, மைதானில் நிலையான பெருங்கட்டடங்களை எழுப்பக் கழகங்களுக்கு உரிமையில்லை. நூற்றாண்டு கடந்த கழகங்களின் தலைமையிடங்கள்கூட இன்றளவும் 'டென்ட்', அதாவது கூடாரம், என்றே அழைக்கப்படுகின்றன. சுவரும் கூரையும் அமைந்த பின்னரும் பெயர் மாறவில்லை. எந்நேரமும் பெயர்த்தெடுக்கத் தக்க இருப்பு என்ற நிலையை அச்சொல் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

1889 ஆகஸ்ட் 15 அன்று வடகொல்கத்தாவில் தோன்றிய மோகன் பகான், தான் விளையாடத் தொடங்கிய தோட்ட மாளிகையின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. 'பகான்' என்றால் தோட்டம். அக்கழகத்தின் மிகப் பெரிய நாள் தன் தோட்டத்தில் நிகழவில்லை. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப்போட்டியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை அது எதிர்கொண்டது, மைதானில் ஆங்கிலேயரின் கல்கத்தா கால்பந்துக் கழகத்திற்குரிய திடலில். ஒரு பக்கம் அக்கழக உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இந்தியர்கள் மேடுகளிலும் மரக்கிளைகளிலும் இடம் பிடித்தனர். கூட்டத்தின் அளவு அறுபதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை எனக் கணக்குகள் வேறுபடுகின்றன. ஆட்டம் கண்ணில் படாத தொலைவில் நின்றவர்களுக்குக் கோல் எண்ணிக்கையைத் தெரிவிக்கப் பட்டங்கள் பறக்கவிடப்பட்டன. மோகன் பகான் வீரர்களுள் சுதிர் சாட்டர்ஜி ஒருவர் மட்டுமே காலணி அணிந்திருந்தார். ஏனைய பத்துப் பேரும் வெறுங்காலுடன் ஆடினர். முதல் கோலை ஆங்கிலேயர் அடித்தனர். அணித்தலைவர் ஷிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். இந்திய அணி ஒன்று அக்கேடயத்தை வென்றது அதுவே முதன்முறை. பிறருக்குரிய திடலைத் திரண்டு வந்து நின்ற மக்களே தமதாக்கிக்கொள்ள முடியும் என்பதை அந்த மாலை காட்டியது.

ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் தோற்றம் ஒரு புறக்கணிப்பிலிருந்து தொடங்குகிறது. 1920-இல் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் கழகம் தன் தடுப்பாட்டக்காரர் சைலேஷ் போஸைக் களமிறக்க மறுத்தது. அதன் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி வெளியேறி, நண்பர்களுடன் சேர்ந்து ஆகஸ்ட் 1 அன்று புதிய கழகம் ஒன்றை நிறுவினார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களைக் கொல்கத்தாவின் பழங்குடிகள் 'பாங்கால்' என்று ஏளனமாக அழைத்த காலம் அது. பதிலுக்கு அவர்கள் மேற்கு வங்கத்தாரைக் 'கொட்டி' என்றனர். செம்பு என்பது அதன் பொருள். இரண்டும் வசைச்சொற்களாக வழங்கியவை. பின்னாளில் இரு தரப்பாரும் பெருமையுடன் சூடிக்கொள்ளும் அடையாளங்களாயின. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா எனப்படும் உல்லம் மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் சமைப்பது வழக்கமாயிற்று.

1947-க்குப் பின் அப்பெயரின் எடை முற்றிலும் மாறியது. எல்லை கடந்து வந்த பல லட்சம் அகதிகள் ஜாதவ்பூர், பிஜய்கர் முதலிய இடங்களில் குடியேறினர். 1955-இல் கிழக்கு வங்கம் என்ற மாகாணம் கிழக்குப் பாகிஸ்தான் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1971-இல் அதுவும் மறைந்து வங்கதேசம் பிறந்தது. நிலப்படத்திலிருந்து அகன்ற அப்பெயர் கொல்கத்தாவின் கால்பந்துப் பட்டியலில் மட்டும் தங்கிவிட்டது. ஊரிழந்த ஒருவர் தம் ஊரின் பெயரை ஆயிரக்கணக்கானோருடன் சேர்ந்து உரக்கக் கூவக்கூடிய இடமாகப் பார்வையாளர் மாடம் ஆயிற்று.

அவ்வாறு கூவியவர்களின் மகிழ்ச்சிக்குக் காரணமானோர் யார் என்பதும் நோக்கத்தக்கது. 1949, 1950, 1951 என மூன்றாண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை ஈஸ்ட் பெங்கால் வென்ற காலத்தில், அதன் முன்கள ஐவர் 'பஞ்ச பாண்டவர்' எனப் போற்றப்பட்டனர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னிந்தியர். வங்கத்து அகதிகளின் வீட்டுப் பெருமையைக் காத்தவர்கள் வங்காளி பேசி வளர்ந்தவர்கள் அல்லர் என்பது, 'வீடு' என்ற சொல்லைப் பிறப்போடு மட்டும் பிணைப்போர் கவனிக்க வேண்டிய செய்தி.

எனினும் வீடு என்னும் உணர்வு பிறரை வெளியே நிறுத்தும் உணர்வாகவும் மாறக்கூடும். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் நடந்த லீக் ஆட்டத்தில் இரு அணி வீரர்கள் மோதிக்கொண்டதால் வெளியேற்றப்பட்டனர். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே மாடத்தில் கலந்து அமர்ந்திருந்தனர். அங்கே கைகலப்பு மூண்டது. தப்பியோட முயன்ற நெரிசலில் 16 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் காணச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. அந்நாள் இன்று கால்பந்து ரசிகர் நாளாக இரத்ததான முகாம்களுடன் நினைவுகூரப்படுகிறது. இரு நிறத்தாரும் அளிக்கும் இரத்தம் ஒரே வங்கியில் சேர்கிறது.

1984-இல் சால்ட் லேக் மைதானம் திறக்கப்பட்டபின் பெரிய ஆட்டங்கள் அங்கே நகர்ந்தன. 1997 ஜூலை 13 அன்று நடந்த கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியை 1,31,000-க்கும் மேற்பட்டோர் கண்டனர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்ற அந்த ஆட்டத்தில் சிக்கிமைச் சேர்ந்த பைச்சுங் பூட்டியா மூன்று கோல்களை அடித்தார். 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக மைதானம் புதுப்பிக்கப்பட்டது. கொள்ளளவு வெகுவாகக் குறைந்தது.

2020-ஆம் ஆண்டு இருவேறு காட்சிகளை வழங்கியது. ஜனவரியில், குடியுரிமைத் திருத்தச் சட்டமும் குடிமக்கள் பதிவேடும் நாடெங்கும் விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மாடத்தில் பெரும் பதாகை ஒன்றை விரித்தனர். மண் குருதி கொடுத்துப் பெறப்பட்டது, காகிதம் கொடுத்தன்று என்பது அதன் கருத்து. அகதிகளின் வழித்தோன்றல்கள் தங்கள் குடியுரிமை பற்றிய வாதத்தை முன்வைக்கத் தேர்ந்த இடம் தங்களுக்குப் பட்டா இல்லாத ஒரு மைதானம். அதே ஆண்டு நவம்பர் 27 அன்று இந்தியன் சூப்பர் லீக்கில் இவ்விரு அணிகளும் முதன்முறையாக மோதின. பெருந்தொற்றின் காரணமாக ஆட்டம் கோவாவில், பார்வையாளர் ஒருவரும் இன்றி நடந்தது. ஒரு தரப்பு அங்கும் சொந்த மைதான அணி என்றே குறிக்கப்பட்டது. காலி இருக்கைகளுக்கு முன் அச்சொல் பொருளிழந்து நின்றது.

2024 ஆகஸ்ட்டில் இதற்கு மறுதலையானது நிகழ்ந்தது. நகரின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டதை எதிர்த்துக் கொல்கத்தா கொந்தளித்திருந்தது. 18-ஆம் தேதி நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்புக் காரணங்களைக் கூறி இரத்துச் செய்யப்பட்டது. ஆட்டம் இல்லை என்றறிந்தும் ரசிகர்கள் மைதானத்திற்கு வந்தனர். வாயில்கள் மூடியிருந்தன. சிவப்பு-பொன் சட்டைகளும் பச்சை-அரக்குச் சட்டைகளும் சாலையில் கலந்து நின்றன. 1891-இல் தோன்றி, நகரின் மூன்றாம் பெருங்கழகமாக விளங்கும் முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் உடன் சேர்ந்தனர். இரு மாடங்களுக்கும் குரல் ஒன்றே என்னும் பொருள்பட முழக்கம் எழுந்தது. காவல்துறை தடியடி நடத்தியது.

1980-இல் ஒரே மாடத்தில் கலந்திருந்தது உயிரிழப்பில் முடிந்தது. 2024-இல் மூடிய வாயிலுக்கு வெளியே கலந்து நின்றது ஒரு நீதிக்கான கோரிக்கையாயிற்று. ஆட்டம் நடக்காத அன்று, யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று குறிக்க அட்டவணையே இல்லை. ஆயினும் எல்லோரும் வந்து சேர்ந்த இடம் அதுவே.