பொய் விபத்தும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு

சாலையில் ஓடும் வாகனம் பிறருக்கு விளைவிக்கக்கூடிய மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் காப்புறுதி இருந்தே ஆக வேண்டும் என்பது மலேசியப் போக்குவரத்துச் சட்டத்தின் அடிப்படை விதி. சொந்தக் கார் நசுங்கினால் என்ன ஆகும் என்பது அந்த விதியின் கவலை இல்லை. மோதியவர் கையில் காசு இல்லாவிட்டாலும் அடிபட்டவருக்கு இழப்பீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். கோலாலம்பூரிலிருந்து பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் வழியாகக் கிள்ளான் வரை நீளும் நெரிசலில் இந்த ஏற்பாட்டைச் சுற்றி வழக்கறிஞர், கோரிக்கைகளை ஆராயும் அட்ஜஸ்டர், பட்டறைக்காரர், இழுவை லாரிக்காரர், தரகர் என்று ஒரு தொழில்வட்டமே வளர்ந்தது. அதன் ஓரத்தில் பொய் விபத்தும் வளர்ந்தது. அடிபட்டவரைக் காக்க எழுதிய விதிகள் மோசடிக்காரனுக்கும் வழி திறந்துவிட்டன. அந்த வழியை அடைக்கப் போட்ட தடைகளில் உண்மையாகவே அடிபட்டவரும் இடறி விழுந்தார்.

மோசடியின் வயது ஏறத்தாழக் கட்டாயக் காப்புறுதியின் வயதுதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927-இல் வாகனக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அதைச் சேர்த்தது. நீதிமன்றம் தீர்ப்பளித்த தொகையைக் காப்புறுதி நிறுவனமே நேராக அடிபட்டவருக்குச் செலுத்த வேண்டும் என்ற விதி அங்கே 1934-இல் வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஹாலிவுட் இந்த மோசடியைக் கதையாக்கிவிட்டது. எம்.ஜி.எம். நிறுவனத்தின் 'கிரைம் டஸ் நாட் பே' குறும்பட வரிசையில் 1937-இல் வந்த 'டார்ச்சர் மணி', விபத்துகளை நாடகமாக நடத்திப் பணம் பறிக்கும் கும்பலைப் பற்றியது. ஹெரால்ட் எஸ். புக்கெட் இயக்கிய அந்தப் படம் சிறந்த குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. மறு ஆண்டே 'ஆக்சிடென்ட்ஸ் வில் ஹேப்பன்' என்ற வார்னர் பிரதர்ஸ் படத்தில் ரொனால்ட் ரீகன் காப்புறுதி அட்ஜஸ்டராக நடித்தார். பொழுதுபோக்குப் படம் எடுக்கும் அளவுக்கு அந்தத் தொழில் அன்றே மக்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரிட்டிஷ் விதிகளின் சாயலை மலாயாவுக்கு விரிவாகத் தொகுத்துத் தந்தது 1958-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஆணைச் சட்டம். சுதந்திரம் பெற்ற மறு ஆண்டில் வந்த அச்சட்டத்தின் 80-ஆம் பிரிவு, தீர்ப்புத் தொகையைக் காப்புறுதி நிறுவனத்தின் தலையில் வைத்தது. அன்றைய கிள்ளான் பள்ளத்தாக்கில் வாகனங்கள் குறைவு. கோலாலம்பூரில் ரயில்வே குடியிருப்புகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ், ரயிலையும் பேருந்தையும் சைக்கிளையும் நம்பியிருந்த பகுதி. அடுத்த இருபது ஆண்டுகளில் காட்சி மாறியது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த கூட்டரசு நெடுஞ்சாலை அகலமானது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. 1973-இல் அங்கே கொள்கலன் முனையம் திறக்கப்பட, கனரக லாரிகள் அந்தச் சாலைக்கு வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலையிழந்த தமிழ்க் குடும்பங்கள் தொழிற்சாலைகளைத் தேடிக் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் நகர்ந்தன. அவர்களுடைய முதல் வாகனம் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள். லாரியும் மோட்டார் சைக்கிளும் ஒரே தடத்தில் ஓடியதன் விலை அதிகமாக இருந்ததால்தான் 1970-களில் கூட்டரசு நெடுஞ்சாலையோரம் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித்தடம் போடப்பட்டது. உலகில் அவ்வகைத் தடங்களில் முந்தியவற்றுள் அதுவும் ஒன்று.

காப்புறுதியே இல்லாத வாகனம் மோதினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் வாரியம் விடையானது. காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த இந்த வாரியம் 1968-இல் போக்குவரத்து அமைச்சருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1978-இல் சந்தாத் தொகை ஒரே கட்டண அட்டவணைக்குள் வந்தது. எந்த நிறுவனத்திடம் போனாலும் விலை ஒன்றே.

பொய் விபத்து எப்படி நடக்கிறது என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். திரைப்படத்தில் வருவது போலக் கும்பலாகச் சேர்ந்து காரைக் காரோடு மோதவிடுவது அதன் ஒரு வடிவம் மட்டுமே. இன்னொன்று சத்தமில்லாமல் நடப்பது. தனியார் காருக்கு ஆண்டுதோறும் கோரிக்கை வைக்காமல் இருந்தால் 25 விழுக்காட்டில் தொடங்கும் சந்தாக் கழிவு, ஐந்து ஆண்டுகளில் 55 விழுக்காடாக ஏறும். அதை இழக்க மனமில்லாத ஒருவர், தூணில் இடித்த சொந்தக் காரைத் தெரிந்தவர் மோதியதாகச் சொல்லிவிட, தெரிந்தவரும் தவறு தன்னுடையதே என்று ஒப்புக்கொள்வார். பட்டறையில் பழைய நசுங்கலையும் புதிய கணக்கில் சேர்ப்பது மூன்றாவது வகை.

இவற்றையெல்லாம் விட நீதிமன்றங்களை அதிகம் குழப்பியது, விபத்து உண்மையாக இருந்து வாகனம் மட்டும் பொய்யாக இருக்கும் வழக்கு. மழையில் சறுக்கியோ குழியில் இறங்கியோ ஒருவர் மோட்டார் சைக்கிளோடு தானாகவே விழுகிறார், கால் முறிகிறது. அல்லது யாரோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்கள். அவருடைய காயம் நிஜம், வலியும் நிஜம். ஆனால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி தர வேண்டுமானால் மூன்றாம் தரப்பு ஒன்று வேண்டும். ஒரு பதிவு எண் வேண்டும். மருத்துவமனைக் கட்டிலருகே தரகர் வந்து நிற்பது அந்த நேரத்தில்தான். சில வாரங்கள் கழித்து எழுதப்படும் போலீஸ் புகாரில் ஒரு நண்பரின் காரோ உறவினரின் வேனோ இடம்பிடிக்கிறது. சட்டம் வாகனமோட்டிக்கு 24 மணி நேரத்துக்குள் புகார் செய்யும் கடமையை விதிக்கிறது; தாமதமே முதல் ஐயத்தை எழுப்பும். அட்ஜஸ்டர் அடுத்துத் தேடிப் போவது மருத்துவமனையின் அவசரப் பிரிவுப் பதிவேட்டை. விழுந்த அன்றே, வழக்கைப் பற்றிய நினைப்பே இல்லாமல் நோயாளி மருத்துவரிடம் சொன்ன ஒரு வரி அதில் இருக்கும்: தானாக விழுந்தார் என்றோ, வாகனம் இடித்தது என்றோ. போலீஸ் புகாரும் விசாரணை அதிகாரி வரைந்த இடவரைபடமும் இரு வாகனங்களின் சேதப் படங்களும் அந்த ஒரு வரியோடு ஒத்துப்போகின்றனவா என்பதில்தான் பல வழக்குகள் நின்றன, விழுந்தன.

தானாக விழுந்தவருக்குச் சட்டத்தில் இருந்த ஆதரவு மிகக் குறைவு. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விழுந்த தொழிலாளிக்கு, 1969-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ உதவும். அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவருக்குக் கால் முறிவின் செலவு அவர் தலையில்தான். தரகர் புகுந்தது இந்த வெற்றிடத்தில்.

இழப்பீட்டுத் தொகைகள் ஏறிக்கொண்டே போனபோது அரசு கைவைத்தது கணக்கிடும் முறையில். 1956-ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத்துக்கு 1984-இல் வந்த திருத்தம், எதிர்கால வருமான இழப்பை ஒரு சூத்திரத்துக்குள் அடைத்தது. 30 வயதுவரை உள்ளவருக்கு 16 ஆண்டு. 31 முதல் 54 வரை உள்ளவருக்கு, 55-லிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் பாதி. 41 வயது லாரி ஓட்டுநர் இனி வேலையே செய்ய முடியாமல் போனாலும் அவருக்குக் கணக்கில் வரும் ஆண்டுகள் ஏழுதான். 55 வயதைத் தொட்டவருக்கு ஒன்றுமில்லை. அடிபடுவதற்கு முன் நல்ல உடல்நலத்தோடு சொந்த உழைப்பில் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்பதையும் நிரூபிக்க வேண்டியிருந்ததால், மாணவரும் இல்லத்தரசியும் அந்தத் தலைப்பில் எதுவும் பெற முடியவில்லை. மரணத் துயருக்கான தொகை 10,000 ரிங்கிட் என்று நிர்ணயமானது. காப்புறுதித் துறைக்கு இது கட்டுப்பாட்டைத் தந்தது. ஒரு குற்றமும் செய்யாத ஓட்டுநர் தன் வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதியைக் கணக்கிலேயே இழந்தார். மோசடிக்காரனுக்கு எதிர்கால வருமானம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை.

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பழைய ஆணைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தபோது கட்டாயக் காப்புறுதியும் அதற்கே மாறியது. பழைய 80-ஆம் பிரிவின் வாரிசு 96-ஆம் பிரிவு. 1988-இல் காப்புறுதி நிறுவனங்களின் மேற்பார்வை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கைக்கு வந்தது. கட்டணம் உறைந்தும் கோரிக்கைகள் ஏறியும் நின்றதால் லாரி, பேருந்து, டாக்சி, பழைய மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை ஏற்க நிறுவனங்கள் தயங்கின. அப்படி ஒதுக்கப்பட்ட வாகனங்களுக்காக 1992-இல் நிறுவனங்கள் நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் மலேசிய மோட்டார் காப்புறுதித் தொகுப்பு அமைந்தது.

இதற்கிடையே பொய் விபத்தை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தீர்மானித்தது, சாலைக்குச் சம்பந்தமே இல்லாத வழக்குகள். உரிமையியல் வழக்கில் மோசடி என்று குற்றம் சாட்டுபவர் அதைக் குற்றவியல் வழக்கைப் போல நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும் என்று மலேசிய நீதிமன்றங்கள் நெடுங்காலம் கொண்டிருந்தன. அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் ஒரு நில வழக்குத் தீர்ப்பும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஆகவே ஐயம் வலுவாக இருந்தும் காப்புறுதி நிறுவனங்கள் பல வழக்குகளில் சமரசத்துக்கு இறங்க நேர்ந்தது. 2015-இல் சின்னையா அண்ட் சன்ஸ் நிறுவனத்துக்கும் டமாய் செத்தியா நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்த நிலையை மாற்றியது. நிகழ்ந்திருக்கும் சாத்தியம் எந்தப் பக்கம் கூடுதல் என்ற சாதாரண உரிமையியல் அளவுகோலே மோசடிக்கும் போதும் என்றாயிற்று. சாலை விபத்து வழக்குகள் எவ்வளவு பெரிய தொகையாயினும் செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்படுபவை. கிள்ளான், ஷா ஆலம் நீதிமன்றங்களில் 'ரன்னிங் டவுன்' என்று அழைக்கப்படும் அவ்வழக்குகளில் பொய் விபத்து என்ற எதிர்வாதத்துக்கு இந்தத் தீர்ப்பு வலுவூட்டியது. ஏமாற்றியது நிரூபணமானால் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவில் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் அபராதமும் உண்டு.

கட்டண அட்டவணை 2016-இல் தளரத் தொடங்கியது. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதியின் விலையை நிறுவனங்களே ஓட்டுநரின் அபாயத்தைப் பார்த்து நிர்ணயிக்கின்றன. மூன்றாம் தரப்புக்கு மட்டுமான காப்புறுதி அட்டவணையிலேயே இருந்தது. 2019-இல் குடிமைச் சட்டம் மறுபடி திருத்தப்பட்டபோது வயது வரம்பு 60 ஆனது, மரணத் துயருக்கான தொகை 30,000 ரிங்கிட் ஆனது. அதே 41 வயது லாரி ஓட்டுநருக்கு இப்போது கணக்கில் வருவது ஒன்பதரை ஆண்டு. சம்பாதித்துக்கொண்டிருந்ததை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நீடிக்கிறது.